கர்ணனின் பிறப்பு: பாரத மரபும் மூன்று தமிழ்த் திரைப்படங்களும்

இந்தியத் திரைப்படம் பிறந்த நாள்தொட்டே புராண இதிகாசங்களைத் தன் கதைக்களஞ்சியமாகக் கொண்டு வந்துள்ளது. தாதாசாகேப் பால்கே 1913இல் வெளியிட்ட 'ராஜா ஹரிச்சந்திரா' புராணக் கதையே. 1910களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படுகிறது. அது மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து எடுக்கப்பட்டது. இவ்வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளதால் மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது, இதிகாசத்திலிருந்து ஒரு திரைப்படம் பொருள் கொள்கிறது என்று நாம் கூறும்போது 'இதிகாசம்' என எதைக் குறிக்கிறோம் என்னும் வினாவை.

நம் பல்கலைக்கழகங்களில் திரைப்படத் தழுவல் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. ஒருபுறம் வியாசர், மறுபுறம் திரைப்படம். இரண்டிற்கும் இடையே ஒற்றுமைப் பட்டியல் ஒன்று, 'மூலத்திலிருந்து விலகல்' என்னும் தலைப்பில் வேற்றுமைப் பட்டியல் ஒன்று. இம்முறையில் அடிப்படைப் பிழை ஒன்று உள்ளது. வடமொழி மகாபாரதத்தைத் திரைப்படத்தின் மூலமாகக் கொள்ளும்போது, இடையில் நின்று கதையை வளர்த்த தமிழ் மரபு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. வில்லிபுத்தூரார் செய்ததும் கூத்தர் செய்ததும் கதைப் பிரசங்கிகள் செய்ததும் திரைப்பட இயக்குநரின் கற்பனையாகக் கணக்கில் ஏறிவிடுகின்றன. இதனை விளக்க ஏற்ற பாத்திரம் கர்ணன். பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964), மணிரத்னத்தின் 'தளபதி' (1991), மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) ஆகிய மூன்று படங்கள் இங்கு ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

வழிநூலும் சார்புநூலும்

தழுவலை அளக்க மேலைக் கோட்பாடுகள் பல இருப்பினும், தமிழ் இலக்கண மரபிலேயே இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி எனப் பகுத்து, வழிநூல் தொகுத்தும் விரித்தும் தொகைவிரியாகவும் மொழிபெயர்த்தும் செய்யப்படும் என்கிறது. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்க்கிறது: முதல், வழி ஆகிய இருவகை நூலுக்கும் ஒருபுடை ஒத்து, பிறவற்றில் வேறுபடுவது அது. வழிநூலாசிரியன்கூடத் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்க்கலாம் என்பது நன்னூலார் கருத்து. வேறுபாடு குறையன்று, வழிநூலின் இலக்கணத்திலேயே அதற்கு இடமுண்டு என்பதை ஒற்றுமை வேற்றுமைப் பட்டியலிடுவோர் மறந்துவிடுகின்றனர்.

ஏ. கே. ராமானுஜன் இராமாயணங்களைப் பற்றி எழுதி 1991இல் நூலேறிய புகழ்பெற்ற கட்டுரையும் ஏறத்தாழ இதனையே வேறு சொற்களில் கூறுகிறது. ஒரு கதையாடல் மற்றொன்றை உருவொத்து நிற்கலாம். கதையின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு தன் மண்ணின் சதையைப் பூசலாம். பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் குறியீடாக மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதற்கு எதிரான ஒன்றைச் சொல்லவும் செய்யலாம். நாம் எடுத்துக்கொண்ட மூன்று படங்களும் இம்மூன்று நிலைகளுக்கும் பொருந்துவன போலத் தோன்றும். அப்பொருத்தம் அத்துணை எளிதன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

வியாசரின் கர்ணனும் வில்லியின் கர்ணனும்

வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் ஆட்டக்களக் காட்சி ஒன்று வருகிறது. அரசிளங்குமரர்கள் தம் வில்வித்தையைக் காட்டும் களத்தில் அழைக்கப்படாத கர்ணன் நுழைந்து, அருச்சுனன் செய்த அனைத்தையும் தானும் செய்து காட்டி, அவனைத் தனிப்போருக்கு அழைக்கிறான். அப்போது கிருபர் எழுந்து, அருச்சுனனின் குலத்தைக் கூறி, உன் குலமும் தாய் தந்தையர் பெயரும் யாவை எனக் கேட்கிறார். கர்ணன் தலைகுனிகிறான். துரியோதனன் அங்கநாட்டை அளித்து அவனை அரசனாக்குகிறான். அந்நேரத்தில் தேரோட்டியான அதிரதன் வியர்வை வழிய வந்து மகனே என்று தழுவ, வீமன் எள்ளி நகையாடுகிறான். திறமையின் முன் பிறப்பு வைக்கும் தடையைப் பற்றி இந்திய இலக்கியத்தில் இத்துணைக் கூர்மையாக அமைந்த காட்சிகள் மிகச் சிலவே.

ஆயினும் வியாசர் கர்ணனைத் தூயவனாகப் படைக்கவில்லை. சபா பருவத்தில் திரௌபதியை இழிசொல்லால் ஏசுபவனும், அவள் ஆடையைக் களையச் சொல்பவனும் அவனே. கர்ண பருவத்தில் தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து, அறத்தை நினைத்துப் பொறுத்திரு என அவன் அருச்சுனனிடம் கேட்கும்போது, கண்ணன் அவன் செய்த கொடுமைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அன்று உன் அறம் எங்குச் சென்றது என வினவுகிறான். வியாசரின் கண்ணன் அங்கே குற்றஞ்சாட்டுபவன். கர்ணனிடம் மறுமொழி இல்லை.

வில்லிபுத்தூராரிடம் இக்களம் வேறாகிறது. வில்லிபாரதத்தில் கண்ணன் வேதியனாக உருமாறி, வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் சென்று, அவன் ஈட்டிய புண்ணியம் அனைத்தையும் இரக்கிறான். கர்ணன் தன் மார்பில் தைத்த அம்பின் வழி வடியும் குருதியையே நீராக வார்த்து அதனைத் தருகிறான். பின்னர்த் தன் உருவைக் காட்டும் கண்ணனிடம், இனிவரும் பிறவிகளிலும் இரப்பவரை மறுக்காத மனமே வேண்டும் என்கிறான். இந்நிகழ்ச்சி பூனா பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பில் இல்லை. குற்றஞ்சாட்டியவன் இரவலனாகிறான், மறுமொழியற்று நின்றவன் கடவுளுக்கே கொடுப்பவனாகிறான். கையேந்துவோன் கை தாழவும் கொடுப்போன் கை உயரவும் நிற்கும் அந்த ஒரு நொடியில், ஆட்டக்களத்தில் குனிந்த தலை நிமிர்ந்துவிடுவதாகத் தமிழ் மரபு கருதியிருக்க வேண்டும். கொடையைப் புகழின் உச்சமாகக் கொண்ட புறநானூற்று மரபு இப்படைப்பிற்குப் பின்னணியாக இருந்திருக்கக் கூடும் எனல் மிகையாகாது.

துரியோதனன் மனைவியோடு கர்ணன் விளையாடிக்கொண்டிருக்கையில் அவளது மேகலையின் மணிகள் அறுந்து சிதற, அங்கு வந்த துரியோதனன் ஐயுறாமல், அவற்றைப் பொறுக்கித் தரவா, கோத்துத் தரவா எனக் கேட்டதாகவும் வில்லி பாடுகிறார். குந்தியிடம் கர்ணன் தன் மறுப்புக்குக் கூறும் காரணங்களில் இது ஒன்று. இதுவும் செம்பதிப்பில் இல்லை. தாயெனப் பொய்யுரைத்து வந்த பெண்டிரை எரித்த துகில் ஒன்று, குந்தி உடுத்தபோது அவளை எரிக்காததால் அவளே தாயெனக் கர்ணன் தெளிந்தான் என்பதும் வில்லிபாரதச் செய்தியே.

தெருக்கூத்து மரபு இன்னும் ஒருபடி செல்கிறது. 'கர்ண மோட்சம்' கூத்தில் கர்ணனின் மனைவி பொன்னுருவி, தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதை இழிவாக எண்ணி அவனை ஒதுக்குபவள். இறுதிப் போருக்குப் புறப்படுமுன் அவளிடம் விடைபெற வரும் காட்சியே அக்கூத்தில் நெடுநேரம் நிகழ்வது. பிறப்பு வினாவை அரச அவையிலிருந்து வீட்டுக்குள், கணவன் மனைவியின் பேச்சுக்குள் கொண்டுவந்தது கூத்தரின் தனித்திறம். வட ஆர்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் இரவெல்லாம் விழித்து இக்கூத்தைக் கண்ட மக்களே பின்னாளில் திரையரங்குகளிலும் அமர்ந்தனர் என்பதை ஆய்வாளர் மனங்கொள்ளல் வேண்டும்.

1964: கொடையும் கடனும்

பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய 'கர்ணன்' 1964 பொங்கலன்று வெளியானது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனம், கண்ணதாசனின் பாடல்கள், விஸ்வநாதன் ராமமூர்த்தியின் இசை ஆகியவற்றோடு, சிவாஜி கணேசன் கர்ணனாகவும் என். டி. ராமராவ் கண்ணனாகவும் எஸ். ஏ. அசோகன் துரியோதனனாகவும் நடித்தனர். 2012இல் மின்னணு முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோதும் இப்படம் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இப்படத்தை வியாசரோடு ஒப்பிட்டால் வேற்றுமைகள் மலிந்திருக்கும். வில்லியோடு ஒப்பிட்டால் அவற்றுள் பெரும்பாலானவை மறைந்துவிடும். மேகலை மணிகள் சிதறும் காட்சி சாவித்திரி ஏற்ற பானுமதி பாத்திரத்தின் வாயிலாக இப்படத்தில் உள்ளது. வேதியனாக வரும் கண்ணன் புண்ணியத்தை இரக்க, கர்ணன் குருதி வார்த்துக் கொடுக்கும் காட்சியே படத்தின் உச்சம். நன்னூலார் முறைப்படி, இப்படம் வியாசருக்குச் சார்புநூல், வில்லிக்கு வழிநூல். ராமானுஜன் கூறும் உருவொத்த நிலை என்று இதனைக் கொள்ள வேண்டுமாயின், எதன் உருவை ஒத்தது என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

படம் தானாகச் சேர்த்தவற்றுள் கருதத்தக்கது தேவிகா ஏற்ற சுபாங்கி பாத்திரம். கூத்தின் பொன்னுருவி கணவனை இழிப்பவள். சுபாங்கியோ கணவன்பால் பேரன்பு கொண்டவள். பிறப்பை இழிக்கும் குரல் மனைவியிடமிருந்து அவள் தந்தைக்கு மாற்றப்படுகிறது. இல்லறத்துக்குள் நிகழ்ந்த முரண் புறத்தே தள்ளப்பட்டுவிட, கர்ணனுக்கு வீடு ஓர் அடைக்கலமாகிறது. குடும்பப் படங்களே கோலோச்சிய காலத்தின் இலக்கணத்திற்கு இம்மாற்றம் இயைபுடையது. ஆயினும் கூத்துக் கண்டவருக்கு இது ஓர் இழப்பாகவே தோன்றும். பொன்னுருவியின் வெறுப்பிலிருந்த கூர்மை சுபாங்கியின் கண்ணீரில் இல்லை.

சூதாட்ட அவையில் கர்ணன் திரௌபதிக்கு இழைத்த தீங்கின்மேல் இப்படத்தின் கட்டமைப்பு எழவில்லை. கொடையும் செஞ்சோற்றுக் கடனும் என்னும் இரு தூண்களின்மேல் அது எழுகிறது. தவறான பக்கத்தில் நிற்கிறான் என்பதைக் கர்ணன் அறிவான். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுப்பதே தன் அறமென்றும் அறிவான். என். டி. ராமராவைக் கண்ணனாகத் தெரிந்தெடுத்ததும் இங்குக் கருதத்தக்கது. 1957இன் 'மாயா பஜார்' முதலாகவே அவர் முகம் தென்னிந்திய ரசிகர்க்குக் கண்ணன் முகமாகப் பதிந்திருந்தது. அந்த முகம் இரவலனாகக் கையேந்தும்போது, படத்தின் காட்சியோடு அதற்கு முந்தைய படங்களின் நினைவும் சேர்ந்து கையேந்துகிறது.

1991: கடன் நட்பாதல்

'தளபதி' 1991 தீபாவளிக்கு வெளியானது. ரஜினிகாந்த் சூர்யா, மம்மூட்டி தேவராஜ், அரவிந்த்சாமி மாவட்ட ஆட்சியர் அர்ஜுன், ஸ்ரீவித்யா கல்யாணி. இப்படத்தில் கவசமும் குண்டலமும் இல்லை, வரமும் சாபமும் இல்லை. இளம்பெண் ஒருத்தி தான் பெற்ற குழந்தையைச் சரக்குத் தொடர்வண்டியில் விட்டுச் செல்கிறாள். கருப்பு வெள்ளையில் அமைந்த அத்தொடக்கக் காட்சியில் ஆற்றின் இடத்தை இருப்புப்பாதை எடுத்துக்கொள்கிறது, பேழையின் இடத்தைச் சரக்குப் பெட்டி எடுத்துக்கொள்கிறது. தெய்வத் தந்தை என எவனும் இல்லை. பெயரிலும், சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் மீண்டும் மீண்டும் வரும் கதிரவனிலும் மட்டுமே அவன் எஞ்சி நிற்கிறான்.

குழந்தையைப் பொதிந்திருந்த துணி தாயையும் மகனையும் இணைக்கும் அடையாளமாக இப்படத்தில் தொடர்ந்து வருகிறது. வில்லிபாரதத்தில் குந்தியைத் தாயெனக் காட்டிய துகில் இங்கு நினைவுக்கு வராமல் போகாது. இயக்குநர் வில்லியைக் கொண்டுதான் இதனை அமைத்தார் எனக் கூறச் சான்றில்லை. தொலைந்த குழந்தையைத் துணியாலும் அணியாலும் அடையாளங்காண்பது நாட்டார் கதைகளிலும் திரைக்கதைகளிலும் பொதுவான உத்தி. எனினும் கதைமரபின் ஓட்டம் ஆசிரியரின் நோக்கத்தை மட்டும் பற்றிச் செல்வதன்று.

தலைப்பும் கருதத்தக்கது. வியாசரின் கர்ணன் துரோணருக்குப் பின், போரின் 16ஆம், 17ஆம் நாள்களில் மட்டுமே படைத்தலைவன். அவன் வாழ்வில் மிகக் குறுகிய அப்பதவியையே படம் தன் தலைப்பாக்கிக்கொள்கிறது. மகன், கொடையாளி, வீரன் என்பன எல்லாம் பின்னே செல்ல, தேவராஜுக்கு அவன் யார் என்பதே முன்னே வருகிறது. 1964இன் செஞ்சோற்றுக் கடன் இங்கு நட்பாக மாறுகிறது. கடனில் கொடுத்தவன் மேல், பெற்றவன் கீழ். நட்பில் இருவரும் நிகர். தன் ஆளைக் கொன்ற சூர்யாவைத் தேவராஜ் வெறுக்காமல், நியாயம் அவன் பக்கமே எனக் கண்டு விடுவிக்கிறான். அங்கநாடு இங்கு நிலமாக அன்றி நம்பிக்கையாகக் கொடுக்கப்படுகிறது. சூர்யாவின் பிறப்பு மறையை அறிந்தபோதும் தேவராஜ் ஐயுறுவதில்லை. உடன்பிறந்தவனை விட்டுத் தன்னோடு நின்றதற்காக நெகிழ்கிறான். மேகலை மணிக் காட்சியின் சாரம் அந்த மணிகள் இல்லாமலேயே இங்கு வந்துவிட்டது. இத்தகைய இடமாற்றமே சார்புநூலின் உயர்நிலை.

கண்ணனின் பணி கல்யாணியின் கணவராகிய கிருஷ்ணமூர்த்திக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. சூர்யாவிடம் பிறப்பு மறையை வெளியிடுபவர் அவரே. ஆனால் உத்தியோக பருவத்துக் கண்ணனின் அரசியல் கணக்கு அவரிடம் இல்லை. மனைவியின் துயரைத் துடைக்க விழையும் எளிய மனிதராகவே ஜெய்சங்கர் அப்பாத்திரத்தை நடித்துள்ளார்.

இறுதியில் தேவராஜ் இறக்கிறான், சூர்யா பிழைக்கிறான். கர்ணன் வாழத் துரியோதனன் மாளும் பாரதம் இது. ரஜினிகாந்தின் நட்சத்திரப் பிம்பம் அவர் சாவை ஏற்றிராது என்னும் விளக்கம் எளிதில் தோன்றும். அதில் உண்மையும் இருக்கலாம். ஆயின் அமைப்பு நிலையிலும் இதற்குக் காரணம் உண்டு. கர்ணனின் சாவைப் பொருளுடையதாக்கியது கொடை. கடவுள் இரவலனாக வராத உலகில் அச்சாவுக்கு வேலை இல்லை. படத்தின் முடிவில் அர்ஜுன் பணியிட மாற்றம் பெற்றுச் செல்ல, தாய் மூத்த மகனோடு தங்கிவிடுகிறாள். போர்க்களத்தில் பிணத்தின்மீது விழுந்து அழ வேண்டிய குந்தி, உயிரோடிருக்கும் கர்ணனோடு வாழப் போகிறாள்.

மறைபொருளின் அரசியல்

இவ்விரு படங்களுக்கும் பொதுவான ஒன்றை இங்குச் சுட்ட வேண்டும். கர்ணன் கதையின் இயங்குவிசை ஒரு மறைபொருள்: இழிபிறப்பினன் என இகழப்படுபவன் உண்மையில் உயர்பிறப்பினன். அம்மறை வெளிப்படும்போது பார்ப்போர் கண்கலங்குகின்றனர். எதற்காகக் கலங்குகின்றனர்? தேரோட்டி மகனை இழித்தது தவறு என்பதற்காகவா, குந்தியின் மகனைத் தேரோட்டி மகனென்று எண்ணி இழித்துவிட்டார்களே என்பதற்காகவா? இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது அநீதி, பின்னது ஆள்மாறாட்டம். கதை முன்னதில் தொடங்கிப் பின்னதில் முடிகிறது. ஆட்டக்களத்தில் கிருபர் கேட்ட கேள்வி தவறானது என்று கதை சொல்வதில்லை. அக்கேள்விக்குக் கர்ணனிடம் சரியான விடை இருந்தது, அவனுக்கே அது தெரியவில்லை என்றுதான் சொல்கிறது.

1964இன் படம் சாதிப் பிறப்பைப் பற்றி உரத்துப் பேசுகிறது. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்னும் குரல் அரசியல் மேடைகளில் ஓங்கியிருந்த காலத்தின் எதிரொலியை அதில் கேட்கலாம். ஆயினும் கதையின் முடிச்சு அக்குரலுக்கு எதிர்த்திசையில் இழுக்கிறது. 'தளபதி'யில் சாதி, தந்தை பெயர் தெரியாமையாக உருமாறுகிறது. சுப்புலட்சுமியின் தந்தை சூர்யாவை மறுப்பது அவன் யாருடைய மகன் எனத் தெரியாததால். அவன் மாவட்ட ஆட்சியரின் அண்ணன் என்பது பார்ப்போர்க்குத் தெரியும். அவ்வறிவிலிருந்து நமக்குக் கிடைக்கும் நிறைவு, ஆராய்ந்து பார்த்தால், அத்தந்தையின் அளவுகோலையே நாமும் ஏற்றுக்கொண்டதால் கிடைப்பது.

2021: மறை இல்லாத கர்ணன்

மாரி செல்வராஜின் 'கர்ணன்' 2021 ஏப்ரல் 9 அன்று வெளியானது. பொடியன்குளம் என்னும் கற்பனைச் சிற்றூர். அங்குப் பேருந்து நிற்பதில்லை. தூத்துக்குடி மாவட்டம் கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்டு 31 அன்று காவல்துறையினர் நடத்திய தாக்குதலின் நினைவு இக்கதையின் அடியில் ஓடுகிறது. தனுஷ் ஏற்ற கர்ணனுக்குத் தாய், தந்தை, அக்காள் உள்ளிட்ட முழுக் குடும்பம் உண்டு. அவன் பிறப்பில் மறை எதுவும் இல்லை. அவன் யார் என்பது ஊருக்குத் தெரியும், அயலூருக்கும் தெரியும், காவல்துறைக்கும் தெரியும். தெரிந்திருப்பதே இங்கு இடர்.

குந்தியை நீக்கியதே இப்படத்தின் முதன்மையான இதிகாசச் செயல் என்பது இக்கட்டுரையின் கருத்து. பெயர்களைப் பற்றிப் பலரும் எழுதினர்: ஊர்ப் பெரியவர் துரியோதனன், நாயகி திரௌபதை, காவல் அதிகாரி கண்ணபிரான். பெயர்மாற்றம் கண்ணில் படுவது, இன்மை படாதது. குந்தி இல்லையேல் உயர்பிறப்பு இல்லை. உயர்பிறப்பு இல்லையேல் இறுதியில் வந்து அநீதியை ஆள்மாறாட்டமாக்கும் வெளிப்பாடும் இல்லை. கிருபரின் கேள்வி அதற்குரிய கொடுமையோடு தனித்து நிற்கிறது.

இரண்டாவது மாற்றம் கொடையைப் பற்றியது. இக்கர்ணன் வள்ளல் அல்லன். ஊரார் கேட்பதும் கொடையன்று, பேருந்து நிறுத்தம். அது உரிமை. வில்லி முதல் பந்துலு வரை கர்ணனின் தாழ்வை நிமிர்த்தியது அவன் கொடை. தாழ்த்தப்பட்டவன் தன்னிடமிருப்பதை எல்லாம் கொடுத்துச் சான்றோன் எனப் பெயர் பெறுகிறான். கவசத்தையும் குண்டலத்தையும் புண்ணியத்தையும் உயிரையும் வாங்கிக்கொண்ட பின் உலகம் அவனைப் போற்றுகிறது. இப்படம் அவ்வணியைக் களைந்துவிடுகிறது. இதில் தன்னை ஈபவர் லால் ஏற்ற ஏமன் தாத்தா. தீக்கிரையாகும் அம்முதியவரின் சாவில் கொடைக் கர்ணனின் நிழல் தெரிகிறது. நாயகனோ படைப்பணிக்குத் தேர்வாகிப் புறப்பட்டவன், ஊர் தாக்கப்படுவது கேட்டுத் திரும்பி வாளெடுக்கிறான். கண்ணபிரான் கொல்லப்படுகிறான். 1964இல் கடவுள், 1991இல் இரக்கமுள்ள மாற்றாந்தந்தை, 2021இல் கொடிய காவல் அதிகாரி எனக் கண்ணன் பாத்திரம் அரை நூற்றாண்டில் அடைந்த மாற்றம், தனியே ஆராயத்தக்கது.

இப்படத்தை ராமானுஜன் கூறும் எதிர்ப்பனுவல் என எளிதில் வகைப்படுத்திவிடலாம். ஆனால் இறையனார் களவியலுரையில் வரும் 'எதிர்நூல்' என்னும் கருத்து இதற்கு இன்னும் நெருங்கியது. முதல்நூலை மறுப்பது எதிர்நூல் அன்று. முன்னோன் முடித்த பொருளை இடையில் வந்தோர் பிறழவைத்தால், அப்பிறழ்ச்சியை எடுத்துக்காட்டுவது அது. ஆட்டக்களத்தில் வியாசர் எழுப்பிய வினாவைப் பிறப்பு மறையும் கொடைப் புகழும் மூடிவிட்டன எனக் கொண்டால், இப்படம் பாரதத்திற்கு எதிரானதன்று. பாரதத்தின் ஒரு பக்கத்துக்குத் திரும்பிச் செல்வது. களவியலுரைகாரர் இலக்கண நூல்களைக் கருதிச் சொன்னதைத் திரைப்படத்திற்கு ஏற்றுவது ஓரளவு வலிந்து கொள்வதே என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும்.

படத்தில் குறைகளும் உண்டு. திரௌபதை என்னும் பெயர் இப்படத்தில் பெயராக மட்டுமே நிற்கிறது. சூதாட்ட அவையில் கர்ணன் திரௌபதிக்குச் செய்ததை அறிந்த ஒருவர், அவளைக் கர்ணனின் காதலியாக்கிய படம் அம்முரணை எவ்வாறு எதிர்கொள்ளும் என எதிர்பார்ப்பார். படம் எதிர்கொள்வதில்லை. மூன்று படங்களுமே கர்ணனைக் காக்க அந்த அவையைக் கடந்து போய்விடுகின்றன. இழிக்கப்பட்டவனும் இழிப்பவனாகக் கூடும் என்ற வியாசரின் கடுமையான உண்மையைத் தமிழ்த்திரை இன்னும் தொடவில்லை. கூத்துமரபு பொன்னுருவி வழியாகப் பெண்ணுக்குத் தந்த குரலும் திரையில் இல்லை.

பெயர்களின் ஆற்றல் முழுமையாக வெளிப்படும் இடம் காவல்நிலையக் காட்சி. ஊர்ப் பெரியவர்களை வரவழைத்த கண்ணபிரான் அவர்கள் பெயர்களைக் கேட்கிறான். துரியோதனன் என்னும் பெயர் அவனைச் சினங்கொள்ளச் செய்கிறது. பேருந்தை உடைத்ததைவிட, தலைப்பாகையோடு அரசர் பெயர் தாங்கித் தன்முன் நிற்பதே அவனுக்குப் பெருங்குற்றமாகப் படுகிறது. முதியவர்கள் அடிக்கப்படுகின்றனர். திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் அடர்ந்திருப்பது வட மாவட்டங்களில். கதை நிகழும் தென்பகுதி சுடலைமாடனையும் பேச்சியையும் வில்லுப்பாட்டில் பாடும் நிலம். அந்நிலத்தின் குடும்பங்களுக்குள் துரியோதனனும் அபிமன்யுவும் எவ்வழியே வந்து சேர்ந்தனர், பிரசங்கத்தாலா, நாடகக் குழுக்களாலா, 1964இன் படத்தாலா என்பது களஆய்வால் அறியத்தக்கது. படம் அதற்கு விடை தேடவில்லை. கிருபர் கேட்ட அதே கேள்வியைக் கண்ணன் பெயர்கொண்டவன் கேட்க, விடையாகச் சொல்லப்பட்ட பெயருக்காகவே ஒரு முதியவர் அடிபடுவதை மட்டும் அது காட்டுகிறது.